ஹேஸ் நேரத்துல ஏர் பியூரிஃபையர் – தும்மல், வீசிங் கேஸ் இருக்குற வீட்டோட ரிவ்யூ

ஆகஸ்ட் செப்டம்பர் ஆச்சுன்னா போதும், சிங்கப்பூர்ல ஹேஸ், அதாவது புகைமூட்டம் பத்தின பேச்சு ஆரம்பிச்சிடும், தெரிஞ்சவங்க யாராவது மெசேஜ் போட்டுடுவாங்க, உங்க வீட்ல இருக்கே அந்த மெஷின், அது நெஜமாவே வேலை செய்யுதா, வாங்கலாமா, எந்த மாடல்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துப்போச்சு, அதான் மொத்தமா எழுதிடறேன். பிராண்ட் பேர் போட மாட்டேன், போட்டா விளம்பரம்னு ஒரு கோஷ்டி கிளம்பும், தவிர இந்த விலைல விக்கிற பாதி மெஷினுக்கு உள்ள இருக்குற சமாச்சாரம் ஒண்ணுதான், ஒரு ஃபேன் ஒரு ஃபில்டர், அவ்ளோதான்.

முதல்ல எங்க வீட்டு நிலவரம். சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்ட்ல நாலறை எச்டிபி, அதான் அரசாங்க அடுக்குமாடி வீடு. எனக்கு டஸ்ட் மைட், அதாவது மெத்தை தூசில இருக்குற கண்ணுக்குத் தெரியாத பூச்சி, அது அலர்ஜி, காலைல எழுந்தா வரிசையா தும்மல், மூக்கு ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் ஒழுகும். பையனுக்கு வீசிங், இன்ஹேலர்ல இருக்கான். சாதாரண நாள்ல ரெண்டு பேரும் சமாளிச்சிடுவோம், இந்தோனேசியாவுல சுமத்ரா பக்கம் மக்கின செடிகொடி நிறைஞ்ச சதுப்பு நிலம் பத்திக்கிட்டு தென்மேற்குக் காத்துல புகை இந்தப் பக்கம் வர ஆரம்பிச்சா கதை மாறிடும். இங்க ரொம்ப நாளா இருக்குறவங்களுக்கு 2013 ஜூன் ஞாபகம் இருக்கும், காத்து எவ்ளோ மாசுன்னு சொல்ற பிஎஸ்ஐ, அப்ப இருந்த மூணு மணி நேரக் கணக்குல, 401 வரைக்கும் போச்சு, எதிர் புளோக்கே தெரியல. 2015ல செப்டம்பர்ல ஒரு நாள் ஸ்கூலையே மூடினாங்க. அப்புறம் 2019, 2023னு விட்டு விட்டு வந்துட்டுதான் இருக்கு. வருஷா வருஷம் வராது, ஆனா வந்தா வாரக்கணக்குல நிக்கும், அதுவும் பசிபிக் கடல் சூடேறுற எல் நினோ வருஷம்னா மழையும் ஏமாத்திடும்.

இப்ப மெஷினுக்கு வர்றேன். இருநூத்தி சொச்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஆன்லைன் சேல்ல வாங்கினது. முழங்கால் உயரத்துக்கு வெள்ளையா, சுத்தி ஓட்டை ஓட்டையா காத்து இழுத்து மேல வழியா விடுற டைப். ஹெப்பா ஃபில்டர், அதுக்கு உள்பக்கம் மெல்லிசா ஒரு கார்பன் அடுக்கு, முன்னாடி காத்துல துகள் எவ்ளோன்னு நம்பர் காட்டுற ஒரு குட்டி ஸ்க்ரீன், ஆப் இருக்கு, வைஃபை இருக்கு, அதெல்லாம் யாருக்கு வேணும், நான் பட்டனை அமுக்குறதோட சரி.

அட்டைப்பெட்டில பெருசா போட்டிருப்பான் பாருங்க, "இத்தனை சதுர மீட்டர் வரைக்கும்"னு, அதை நம்பி வாங்காதீங்க. பார்க்க வேண்டியது சிஏடிஆர்னு ஒண்ணு, ஒரு மணி நேரத்துல எத்தனை கன மீட்டர் சுத்தமான காத்து தரும்ங்கற கணக்கு. நம்ம பெட்ரூம் 4 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் 2.6ன்னு வெச்சிக்கோங்க, மொத்தம் 31 கன மீட்டர் காத்து. அலர்ஜி வீசிங் இருக்குற வீட்டுக்கு அந்த காத்து மணிக்கு அஞ்சு தடவையாவது ஃபில்டர் வழியா போய் வரணும்னு பொதுவா சொல்வாங்க, அப்ப 155 கிட்ட வேணும். என் மெஷின் டாப் ஸ்பீடுல 400, கேக்க பிரமாதமா இருக்கு, அந்த 400 எப்பன்னா ஹேர் டிரையர் கணக்கா அலறும்போது மட்டும்தான். ராத்திரி ஸ்லீப் மோட்ல போட்டா சத்தமே இல்ல, ஆனா காத்தும் இல்ல, முழு ஸ்பீடுல கிடைக்குறதுல அஞ்சுல ஒரு பங்கு கூட தேறாது. அதனால பெட்ரூமுக்கு தேவைப்படுறதை விட ரெண்டு மடங்கு பெரிய மெஷினா வாங்கி நடு ஸ்பீடுல ஓட விடுறதுதான் வழி. நடு ஸ்பீடு சத்தத்துல தூங்கிப் பழகிட்டோம், எங்க வீட்டுக்காரர் மட்டும் முதல் வாரம் பூரா "ஏரோபிளேன்ல படுத்த மாதிரி இருக்கு"ன்னு புலம்பினாரு, இப்ப அந்த சத்தம் இல்லேன்னா அவருக்குதான் தூக்கம் வரல.

ஹாலுக்கும் இதே மெஷின் போதுமான்னா, போதாது. ஹாலும் கிச்சனும் சேர்ந்து ஒரே வெளியா இருக்குற வீட்ல 90 கன மீட்டர் சுலபமா வந்துடும், அஞ்சால பெருக்கினா 450, என் மெஷின் முழு ஸ்பீடுல ஓடினாலும் எட்டாது, அந்த சத்தத்துல டிவியும் பார்க்க முடியாது பேசவும் முடியாது. மெயின் கதவு வேற நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து மூடும். எங்க புளோக்ல ஒருத்தங்க ஆயிரம் வெள்ளிக்கு மேல குடுத்து ஹாலுக்கு ஒரு பெரிய மெஷின் வாங்கி வெச்சிருக்காங்க, ஜன்னலை மட்டும் மூட மாட்டாங்க, காத்தோட்டம் வேணுமாம். என்னைக் கேட்டா ஒரே ஒரு ரூமை நல்லா அடைச்சு அதுல ஒரு மெஷினைப் போட்டு எல்லாரும் அங்கயே படுங்க. நாள்ல எட்டு மணி நேரம் நல்ல காத்து கிடைச்சாலே மூக்கு அடங்கும், காலைல எழுந்தா வித்தியாசம் தெரியும்.

அடைக்கிறதுன்னா எப்படின்னும் சொல்லணும், ஏன்னா இங்கதான் நிறைய பேருக்கு கோட்டை விட்டுப்போகுது. மாஸ்டர் ரூம்ல அட்டாச்சுடு டாய்லெட் இருக்கும், அதுல கண்ணாடித் தகடு தகடா ஒரு ஜன்னல் இருக்கும், அது எப்ப மூடினாலும் முழுசா மூடாது. அந்த டாய்லெட் கதவைத் திறந்து வெச்சிட்டு பெட்ரூம்ல மெஷின் ஓட்டினா வெளிய இருக்குற புகையைத்தான் சுத்தம் பண்ணிட்டிருப்பீங்க. கதவை மூடுங்க, அடில இடுக்கு இருந்தா பழைய டவலை சுருட்டி வைங்க, ஸ்லைடிங் ஜன்னல் ஓரத்துக்கு ஸ்பான்ஞ் டேப் ஒட்டுங்க, ஹார்ட்வேர் கடைல ரெண்டு மூணு வெள்ளிதான். ஏசி போட்டுக்கலாம், நம்ம வீட்டு ஏசி உள்ள இருக்குற காத்தையே சுத்தி விடுறதுதான், வெளிய இருந்து இழுக்காது, ஆனா அதுல இருக்குற வலை புகையைப் பிடிக்கும்னு மட்டும் நெனைக்காதீங்க, அது பஞ்சு தூசிக்கு. ஒரே ரூம்ல நாலு பேர் கதவை மூடிட்டு தூங்கினா விடியக்காலைல மூச்சு முட்டுற மாதிரி, தலை பாரமா இருக்கும், அது புகை இல்ல, நம்ம விட்ட மூச்சுதான். பியூரிஃபையர் அதை ஒண்ணும் பண்ணாது. அதுக்கு வெளிய அளவு இறங்குற நேரம் பார்த்து கொஞ்ச நேரம் திறந்து விட்டுதான் ஆகணும்.

எப்ப இறங்குதுன்னு எப்படித் தெரியும்னா, தேசிய சுற்றுப்புற வாரியத்தோட ஆப்ல ரெண்டு நம்பர் வரும். எல்லாரும் பார்க்குறது பிஎஸ்ஐ, அது 24 மணி நேர சராசரி. நேத்து புகை அதிகமா இருந்து இன்னிக்கு காலைல மழை பேஞ்சு வானம் தெளிஞ்சாலும் பிஎஸ்ஐ இன்னும் நூத்துக்கு மேலயே காட்டும், அதே மாதிரி இப்பதான் புகை வந்து இறங்குதுன்னா நம்பர் நல்லாவே இருக்கும், நாம ஜன்னலைத் திறந்து போட்டு உக்காந்திருப்போம். ஜன்னல் விஷயத்துக்கு பார்க்க வேண்டியது ஒரு மணி நேர பிஎம் 2.5, அதாவது காத்துல இருக்குற நுண் துகளோட அளவு, அதுவும் உங்க வட்டாரத்துக்கு, கிழக்குல ஒண்ணு காட்டும் மேற்குல வேற காட்டும். 55 வரைக்கும் இயல்பு, அதுக்கு மேல போனா கூடுதல்னு போட்டிருப்பாங்க. அது ஊர்ல எல்லாருக்கும் பொதுவான அளவு, என் பையனுக்கு 40 தாண்டினாலே இருமல் ஆரம்பிச்சிடும், ஆளாளுக்கு உடம்பு வேற. உலக சுகாதார நிறுவனம் நாள் சராசரிக்கு 15தான் சொல்லுது, அதனால பச்சை கலர் பார்த்துட்டு ஏன் எனக்கு மட்டும் தும்மல் வருதுன்னு குழம்பாதீங்க.

கலர்னு சொன்னதும் ஞாபகம் வருது, மெஷின் ஸ்க்ரீன்ல வர்ற கலரையும் ஆட்டோ மோடையும் பத்தி. எனக்கு ஆட்டோ மோட் பிடிக்கவே இல்ல. சென்சார் இருக்குறது மெஷின் முதுகுல, அது தன்னைச் சுத்தி இருக்குற காத்தைத்தான் அளக்கும், அந்த இடம் சுத்தமானதும் ஆஹா வேலை முடிஞ்சதுன்னு ஃபேனைக் குறைச்சிடும், ரூமோட மறுகோடில கட்டில்ல படுத்திருக்குறவனுக்கு என்ன நிலைமைன்னு அதுக்கு எப்படித் தெரியும். ஹேஸ் நாள்ல ஆட்டோவை ஆஃப் பண்ணி நீங்களே நடு ஸ்பீடுல வெச்சிடுங்க. ஈரப்பதம் ரொம்ப ஏறினாலும் இந்த சென்சார்ங்க நம்பரைக் கூட்டிக் காட்டும், குளிச்சிட்டு டாய்லெட் கதவைத் திறந்தா சிவப்பு எரியும், பயந்துடாதீங்க.

ஆனா அந்த சென்சாரால ஒரு பெரிய நன்மை, வீட்டுக்குள்ள நாமளே என்ன புகை கிளப்புறோம்னு தெரிஞ்சுபோச்சு. போன தடவை ஹேஸ் வந்தப்ப அம்மா தஞ்சாவூர்ல இருந்து வந்து இங்கதான் இருந்தாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஜன்னலெல்லாம் மூடி, மெஷின் ஓடி ஓடி நம்பர் 12க்கு வந்திருக்கு, நான் பெருமையா ஃபோட்டோ எடுத்து எங்க வீட்டுக்காரருக்கு அனுப்பிட்டு திரும்பினா அம்மா சாம்பிராணித் தட்டோட ரூம் ரூமா வர்றாங்க. "அம்மா, என்னம்மா பண்றீங்க, வெளிய ஏற்கெனவே புகைம்மா"ன்னா, "அது கெட்ட புகைடி, இது கிருமியைக் கொல்ற புகை, பிள்ளைக்கு சளி இருக்குல்ல, அதான் போடுறேன்"ங்கறாங்க. ஸ்க்ரீன்ல 12 இருந்தது 90 ஆச்சு, 200 ஆச்சு, கடைசில மூணு இலக்கத்துலயே பெருசா ஏதோ ஒண்ணு வந்து நின்னுது, வெளிய இருந்த ஹேஸை விட எங்க ஹால் மோசம். அம்மா கண்ணாடியைப் போட்டுட்டு வந்து அந்த நம்பரைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "மெஷின்ல ஏதோ கோளாறு போல, கடைக்காரன்கிட்ட சொல்லு"ன்னுட்டு போயிட்டாங்க. சாம்பிராணி மட்டும் இல்ல, ஊதுபத்தி, கொசுவத்தி, மிளகாய் கிள்ளிப் போட்டு தாளிக்கிறது, தோசைக்கல்லு காயுறது எல்லாத்துக்கும் ஏறும். அலர்ஜி மூக்குக்கு இந்தோனேசியப் புகை உள்ளூர்ப் புகைன்னு பாகுபாடு கிடையாது. ஹேஸ் இருக்குற வாரம் ஆவில வேகுற ஐட்டமா பார்த்து செய்யறேன், இட்லி, புட்டு, இடியாப்பம், அம்மாவும் சாமிக்கு எண்ணெய் விளக்கு மட்டும் போதும்னு ஒத்துக்கிட்டாங்க, மனசில்லாமத்தான்.

ஃபில்டர் கதைக்கு வருவோம், ஏன்னா காசு போறது அங்கதான். மெஷின் வெலை ஒரு தடவை, ஃபில்டர் வெலை வாழ்நாள் பூரா. என்னோடதுக்கு ஒரிஜினல் ஃபில்டர் ஐம்பது வெள்ளிக்கு மேல. ஸ்க்ரீன்ல 60 சதவீதம் மிச்சம்னு காட்டும், அது பெரும்பாலும் ஓடின மணிக்கணக்கை வெச்சு போடுற கணக்குதான், நெஜமா எவ்ளோ அழுக்கு ஏறியிருக்குன்னு பார்த்துச் சொல்றது இல்ல. 60 காட்டும்போதே எடுத்துப் பார்த்தேன், மடிப்பு மடிப்பா பூரா சாம்பல் கலர்ல கருத்திருந்தது, அதை விட ஒரு புளிச்ச வாடை. நம்ம ஊர் ஈரக்காத்துல கார்பன் அடுக்கு சீக்கிரம் வாடை பிடிச்சிடுது. கழுவலாமான்னு கேக்காதீங்க, ஹெப்பாவைக் கழுவினா போச்சு, வெளில இருக்குற வலையை மட்டும் வேக்கியூம் போடலாம். பாதி வெலைக்கு டூப்ளிகேட் ஃபில்டர் கிடைக்குதேன்னா, ஒண்ணு வாங்கிப் பார்த்தேன், ரப்பர் விளிம்பு சரியா உக்காரல, ஓரமா விரல் போற அளவு சந்து. காத்து சுலபமான வழியிலதான் போகும், ஃபில்டர் வழியா போகாம சந்து வழியா போயிடும், அப்புறம் எதுக்கு மெஷின். இன்னொண்ணு, புது மெஷின் வரும்போதே ஃபில்டர் உள்ள பிளாஸ்டிக் கவரோடதான் இருக்கும், அதைப் பிரிச்சிட்டுதான் ஓட்டணும். எங்க பக்கத்து புளோக் அக்கா "இது ஒண்ணுக்கும் உதவல"ன்னு சொன்னாங்களேன்னு போய்ப் பார்த்தா கவர் அப்படியே இருக்கு, மாசக்கணக்கா வெறும் ஃபேனா ஓடியிருக்கு.

வாசனை விஷயத்துலயும் ரொம்ப எதிர்பார்க்காதீங்க. ஹெப்பா துகளைத்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது, இந்த விலை மெஷின்ல இருக்குற கார்பன் ரொம்ப கொஞ்சம். நம்பர் 10க்கு கீழ இறங்கின அப்புறமும் லேசா அந்த கருகின வாடை இருக்கும், அதுக்காக மெஷின் வேலை செய்யலைன்னு அர்த்தம் இல்ல. அயனைசர், பிளாஸ்மான்னு எக்ஸ்ட்ரா பட்டன் இருந்தா ஆஃப்லயே வைங்க, சிலதுல ஓசோன் வரும், வீசிங் இருக்குறவங்களுக்கு அதே தொந்தரவு.

சரி, இவ்ளோ செஞ்சும் மூக்கு கேக்குமான்னா, மெஷின் பாதிதான். மீதி பாதி மருந்துப் பெட்டில இருக்கு. டாக்டர் எழுதிக் குடுக்குற ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே இருக்கே, அது அடிச்ச உடனே வேலை செய்யாது, முழு பலன் வர பல நாள் ஆகும், தினமும் விடாம அடிக்கணும். ஹேஸ் வந்து மூக்கு அடைச்ச அப்புறம் ரெண்டு நாள் அடிச்சுப் பார்த்துட்டு கேக்கலன்னு தூக்கிப் போடுறவங்கதான் நிறைய, சீசனுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசி ஆரம்பிக்கிறது நல்லது. அடிக்கிறப்ப நடுத்தண்டைப் பார்த்து அடிக்காம வெளிப்பக்கமா, கண்ணோரத்தைப் பார்த்த மாதிரி அடிக்கணும், வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கைன்னு மாத்திப் பிடிச்சா தானா கோணம் சரியா வரும், இல்லேன்னா ரத்தம் கசியும். இதோட உடனே மூக்கைத் திறந்து விடுற இன்னொரு வகை ஸ்ப்ரே ஃபார்மசில கிடைக்கும், அதைக் குழப்பிக்காதீங்க, அது மூணு நாலு நாளைக்கு மேல போட்டா மருந்தே அடைப்பை உண்டாக்கிடும்.

உப்புத் தண்ணில மூக்கு கழுவுறது எனக்கு மெஷினுக்கு சமமா உதவுது, அந்தப் பொடி பாக்கெட்டும் பாட்டிலும் ஃபார்மசில கிடைக்கும். வெளிய போய்ட்டு வந்ததும் ஒரு தடவை, படுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை. குழாய்த் தண்ணியை நேரடியா ஊத்தாதீங்க, கொதிக்க வெச்சு ஆறின தண்ணிதான், இதுல சோம்பல் படக்கூடாது. கோடாலித் தைலம் தேய்ச்சா அடைப்பு விட்ட மாதிரி ஜில்லுனு இருக்கும், எனக்கும் பிடிக்கும், ஆனா அது அந்த மெந்தால் குடுக்குற உணர்வுதான், உள்ள வீக்கம் அப்படியேதான் இருக்கும், வீசிங் இருக்குற பிள்ளைக்கு அந்த நெடியே ஆகாமப் போகலாம். ஹியூமிடிஃபையர்ல தைலம் விட்டு ஓட்டுறதும் வேணாம், ஏற்கெனவே இங்க ஈரம் அதிகம், டஸ்ட் மைட்டுக்குக் கொண்டாட்டம். ஹேஸ்ல எல்லாத்தையும் மூடி வெச்சிருக்குறதால மெத்தை தலகாணியில இருக்குற மைட் தொல்லை கூடத்தான் செய்யும், உறையெல்லாம் வாரம் ஒரு தடவை 60 டிகிரி சுடுதண்ணில போடுங்க.

வெளிய போறதுக்கு என்95 மாஸ்க்தான், அது நுண் துகளை வடிகட்டும், சர்ஜிக்கல் மாஸ்க் ஓரமெல்லாம் காத்து உள்ள வரும். என்95லயும் மூக்குக் கம்பியை அழுத்தி முகத்தோட ஒட்டி உக்காரணும், தாடி இருந்தா உக்காராது. எங்க வீட்டுக்காரர்கிட்ட தாடியா மாஸ்க்கான்னு கேட்டா "லிஃப்ட்ல போய் எம்ஆர்டி ரயில் ஏறுறேன், இதுக்கு எதுக்கு"ங்கறாரு, அப்புறம் ராத்திரி பூரா இருமல். பையனோட விஷயத்துல மட்டும் நான் எதையும் பரிசோதனை பண்றதில்ல, தடுப்பு இன்ஹேலர் தினமும், மூச்சு முட்டுறப்ப உடனே அடிக்கிற நீல இன்ஹேலர் பைலயே இருக்கும், ஸ்கூல்லயும் சொல்லி வெச்சிருக்கோம். இன்ஹேலர் அடிச்சும் அடங்கல, விலா எலும்பு உள்ள இழுக்குது, ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலன்னா பியூரிஃபையர் ஸ்பீடைக் கூட்டிட்டு உக்காராதீங்க, 995க்கு ஃபோன் பண்ணி ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.

அஞ்சுக்கு எத்தனைன்னா பெட்ரூம்ல நாலு, ஹால்ல ரெண்டு. பெட்ரூம்ல ஒரு மார்க் குறைச்சது ஃபில்டர் வெலைக்கும் அந்த உதவாத ஆட்டோ மோடுக்கும். வாங்குறதா இருந்தா ஜூன் ஜூலைலயே வாங்குங்க, புகை வந்த அப்புறம் மெஷின் கிடைச்சாலும் ஃபில்டர் கிடைக்காது, அதனால கூட ஒரு ஃபில்டர் வாங்கி கவரைப் பிரிக்காம அலமாரியில வெச்சிடுங்க. செகண்ட் ஹேண்ட்ல ஐம்பது அறுபது வெள்ளிக்கெல்லாம் நிறைய கிடைக்குது, ஹேஸ் முடிஞ்சதும் எல்லாரும் விப்பாங்க, மோட்டார் சத்தம் சீரா இருந்தா தாராளமா எடுக்கலாம், புது ஃபில்டர் வெலையையும் சேர்த்து கணக்கு போட்டு பேரம் பேசுங்க.